கூலி வாங்காமல் கடலில் இறங்குகிறவர்கள்: மும்பையில் இது நடக்குமா?

2025 ஜூன் 8
மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"இங்கிலாந்துப் பக்கம் தீவுகளில் ஊர்க்காரர்களே படகு எடுத்துப்போய், முழுகுகிறவர்களைக் காப்பாற்றுகிறார்களாம். சம்பளம் கிடையாதாம். பொழுதுபோக்குக்குப் பாய்மரப் படகு ஓட்டுகிற வசதியான ஜனங்களுக்கு அது சரி. நம்மிடம் கடற்படை இருக்கிறது, கடலோரக் காவல்படை இருக்கிறது, வரியும் கட்டுகிறோம். அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிற கோலி மீனவர் எதற்காக ஓசியில் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? மும்பையில் இது நடக்காது. நடக்கவும் வேண்டாம்."

ஜூன் 8, இரவு
நடக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இங்கே எப்போதோ நடந்தாயிற்று, இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஒரு பெயரோ கொட்டகையோ கிடையாது, அவ்வளவுதான்.

1947 ஜூலை 17. மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை ரேவஸுக்குக் கிளம்பிய ராம்தாஸ் என்ற பயணிகள் கப்பல் மழைக்கால அலையில் சாய்ந்து முழுகியது. இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். கப்பலில் வயர்லெஸ் இல்லை. காலையில் முழுகிய கப்பலைப் பற்றி நகரத்துக்குத் தெரிந்ததே பிழைத்தவர்கள் வந்து சொன்ன பிறகுதான். அதற்கு முன்பே, அந்த வழியாக வந்த ரேவஸ் மீனவர்கள் தண்ணீரில் கிடந்தவர்களைத் தங்கள் படகுகளில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் அவர்களால் பிழைத்தவர்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட வழியும் இல்லை.

2024 டிசம்பர் 18 நினைவிருக்கிறதா? கேட்வேயிலிருந்து எலிஃபண்டாவுக்குப் போன நீல்கமல் படகின் மீது, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு மோதியது. 15 உயிர்கள். கடற்படை ஹெலிகாப்டர்களும் காவல்படைப் படகுகளும் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துறைமுகத்தின் பைலட் படகும் அக்கம்பக்கத்தில் போய்க்கொண்டிருந்த படகுகளும் உடனே திரும்பி வந்து ஆட்களை ஏற்றியிருக்காவிட்டால் அந்தக் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்?

கடலில் முதலில் வருகிறவர் பக்கத்தில் இருக்கிறவர்தான். அவர் வரலாமா வேண்டாமா என்று நாம் இங்கே உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அவர் வரும்போது கையில் என்ன இருக்கிறது, வந்த பிறகு அவருக்கு என்ன ஆகிறது, அதைத்தான் நாம் பேச முடியும்.

ஜூன் 9
"நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒருவர். பார்த்திருக்கிறேன். நான் கப்பலில் டெக் ஆபீசராக இருந்தவன், இப்போது செம்பூரில் இருக்கிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டோர்பே என்று ஒரு விரிகுடா. நங்கூரம் போட்டுக் கிடந்தோம். நடுராத்திரி எங்கள் சமையற்காரருக்கு, தூத்துக்குடிக்காரர், நெஞ்சுவலி. முகம் சாம்பலாகிவிட்டது. வயர்லெஸ்ஸில், அபாய அழைப்புக்கான 16ஆம் சேனலில் கூப்பிட்டோம். பதில் சொன்னது கடலோரக் காவல் அலுவலகம். வந்ததோ பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரின் உயிர்காக்கும் படகு, ஆர்.என்.எல்.ஐ. என்கிற அறக்கட்டளையினுடையது. கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. படகு எங்கள் விலாவோடு ஒட்டி வந்து, ஏணிக்குக் கீழே அலை தூக்கும் அந்த ஒரு நொடியில் ஓர் ஆள் தாவிப் பிடித்து ஏறினார். நாற்பது வயது இருக்கும். கையுறையைக் கழற்றியபோது விரல் மூட்டுகளில் வெள்ளைப் பெயின்ட் காய்ந்து கிடந்தது. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவராம். ஸ்ட்ரெச்சரில் சமையற்காரரைக் கட்டினார். ஒவ்வொரு பட்டையையும் கட்டின பிறகு இழுத்துப் பார்த்தார், மறுபடி இழுத்தார், கொக்கிக்குள் விரலை விட்டுத் திருகிப் பார்த்தார். அதன் பிறகுதான் அடுத்த பட்டைக்குப் போனார். அவசரம் இருந்தது, பதற்றம் துளியும் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் சம்பளம் வாங்குகிற கடலோடிகள். அந்த நிதானம் எங்களிடம் அன்றைக்கு இல்லை.

பில்லை எந்த முகவரிக்கு அனுப்புவீர்கள் என்று எங்கள் கேப்டன் கேட்டார். பில் கிடையாது என்றார் அவர். காலையில் வேலைக்குப் போக வேண்டும், கிளம்புகிறோம் என்று போய்விட்டார்கள். சமையற்காரர் பிழைத்து ஊர் வந்து சேர்ந்தார்.

அதனால்தான் மாட்டுங்கா நண்பர் "வசதியான ஜனங்களின் பொழுதுபோக்கு" என்று எழுதியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பெயின்டர், பள்ளிக்கூட வாத்தியார், மீன்காரர், கடைக்காரர் என்று ஊரில் இருக்கிறவர்கள்தான் அந்தப் படகில் வருகிறார்கள். இடுப்பில் ஒரு பேஜர். அது அலறினால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் படகு கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கிற கணக்கு.

ஜூன் 9, சற்றுப் பின்
ஒரு சின்னத் திருத்தம், கேள்வியில் இருந்ததற்கு. "சம்பளம் கிடையாது" என்பது முழுக்க அப்படி இல்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆர்.என்.எல்.ஐ.க்கு 238 நிலையங்கள். பல இடங்களில் மெக்கானிக்குக்கும் சில இடங்களில் படகுத் தலைவருக்கும் சம்பளம் உண்டு. மற்ற எல்லாரும் தொண்டர்கள். எஞ்சினைத் தினம் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அதைத் தொண்டாக யார் தலையிலும் கட்ட முடியாது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். இதை நாம் கவனிக்க வேண்டும்.

ஜூன் 11
ஆர்.என்.எல்.ஐ.யின் தொடக்கம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு தீவிலிருந்துதான். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மேன் தீவு. அதன் டக்ளஸ் ஊரில் குடியிருந்த சர் வில்லியம் ஹிலரி, கண்ணெதிரே கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பார்த்து, நாடு முழுவதற்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்று எழுதினார். 1824 மார்ச் 4 அன்று லண்டனில் அது தொடங்கியது. எழுதியதோடு வீட்டில் உட்காரவில்லை. 1830 நவம்பரில் செயின்ட் ஜார்ஜ் என்ற நீராவிக் கப்பல் டக்ளஸ் துறைமுக வாசலில் பாறையில் மாட்டியபோது தானே படகில் போனார். வயது அறுபதை ஒட்டி. விலா எலும்புகள் முறிந்தன. கப்பலில் இருந்த எல்லாரும் பிழைத்தார்கள். அவருக்கு நீச்சல் தெரியாது.

அப்புறம் அந்தப் பாறையின் மேலேயே ஒரு சின்னக் கோபுரம் கட்ட வைத்தார், 1832இல். படகு வந்து சேரும் வரை தப்பியவர்கள் ஏறி நிற்க ஓர் இடம். உள்ளே ரொட்டியும் குடிதண்ணீரும். மீட்பு என்றால் படகு மட்டும்தான் என்று நினைக்கிற நமக்கு இந்தக் கோபுரம் ஒரு பாடம். நம் துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கிற மாண்ட்வா போகும் வழியில், கராஞ்சா பக்கம், எத்தனை பாறை, எத்தனை மிதவை இருக்கிறது. அவற்றில் ஒன்றிலாவது பிடித்துத் தொங்க ஒரு கயிறு இருக்கிறதா என்று அடுத்த முறை போகிறவர்கள் பாருங்கள்.

ஜூன் 11, இரவு
நீச்சல் தெரியாதவர் எப்படிப் போகலாம் என்று மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர், "அப்படியானால் எங்கள் மாமாவும் தகுதியானவர்தான்" என்கிறார். மாமாவைக் கூட்டி வாருங்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டால் வயர்லெஸ் பக்கத்தில் உட்கார வைக்கலாம், கரையில் அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஜூன் 12
"தீவு ஜனம் என்றாலே ஒருவருக்கு ஒருவர் ஓடி வருவார்கள், நகரத்தான் வரமாட்டான்." ஒரு நண்பரின் வாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் வடகடல் தீவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1854இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போன யோஹன்னே என்ற கப்பல் ஸ்பீக்கரோக் தீவுக்கு எதிரே தரைதட்டியது. தீவுக்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். போவதற்கு ஏற்ற படகு இல்லை. ஏராளமானோர் அவர்கள் கண்முன்னே செத்தார்கள். 1860இல் போர்க்கும் தீவில் அலியான்ஸ் என்ற கப்பல் உடைந்தது. ஒன்பது பேரும் போனார்கள். அங்கே நடந்தது இன்னும் மோசம்: கரை ஒதுங்கிய சரக்கைப் பொறுக்குவதில்தான் ஜனங்களுக்குக் கவனம். கடற்கரைக்கு ஓய்வுக்கு வந்திருந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வெளியில் எழுத, நாடே கொதித்தது. 1865இல் அவர்களுடைய மீட்புச் சங்கம் பிறந்தது. இன்றும் அது நன்கொடையில்தான் ஓடுகிறது. அதே தீவுகளின் பிள்ளைகள்தான் இன்று அந்தப் படகுகளில் போகிறார்கள்.

ரத்தத்திலேயே வரும் குணம் என்றால் 1860இலும் வந்திருக்க வேண்டுமே. அவர்களுக்குப் படகும் பயிற்சியும் ஒரு ஒழுங்கும் கிடைத்த பிறகு அதே ஊர் வேறு ஊராயிற்று. நம் மீனவ ஊர்களான வெர்சோவாவும் மாஹிமும் வொர்லியும் அந்தத் தீவுகளுக்கு எந்த விதத்தில் குறைச்சல்? மும்பையே தீவுதானே.

ஜூன் 12
மீட்புப் படகைக் குதிரைகள் இழுத்ததாக ஒருவர் எழுதியிருந்தாரே, உண்மைதான். நெதர்லாந்தின் ஆமலாண்ட் தீவில் முன்பு மீட்புப் படகைக் குதிரைகள்தான் மணலில் இழுத்துப் போய்க் கடலில் இறக்கின. 1979 ஆகஸ்ட் 14 அன்று அப்படி இறக்கும்போது எட்டுக் குதிரைகள் முழுகிச் செத்தன. தீவுக்காரர்கள் அவற்றை மணல்மேட்டில் புதைத்து நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 15
இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில். 2017 நவம்பர் 30, ஒக்கி. புயல் எச்சரிக்கை கரைக்கு வந்தபோது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன விசைப்படகுகள் ஆழ்கடலில் இருந்தன. அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? இங்கே மும்பையில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். அங்கே விழிஞ்ஞம், பூந்துறை ஆட்கள் காத்திருந்து பார்த்துவிட்டுத் தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள். புயல் ஓய்ந்தும் ஓயாத கடலில். அந்தக் கடலில் யார் எந்த மடையில், அதாவது மீன் படும் எந்த இடத்தில், நிற்பார்கள், நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உயிரோடும் பிணமாகவும் ஆட்களைக் கொண்டு வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி. 68 படகுகள், 952 பேர், மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கிவிட்டதாக அந்த மாநில முதலமைச்சரே அறிவித்தார். நாங்கள் சிலர் வண்டி எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக தேவ்கட் போனோம். துணி, மருந்து, சிம் கார்டு. துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு படகின் முன்பக்க அணியத்து அறைக்குள் மரப்பலகையில் மார்க்கர் பேனாவால் போன் நம்பர்கள் எழுதியிருந்தன, பெயர் பெயராக. நம்மில் யாராவது ஒருத்தன் பிழைத்தால் இந்த நம்பருக்கெல்லாம் சொல்லட்டும் என்று நடுக்கடலில் எழுதினார்களாம். உப்புத் தண்ணீர் பட்டு இரண்டு மூன்று நம்பர்கள் அழிந்திருந்தன. அந்தப் படகில் இருந்த ஒரு பையன், அழிந்த நம்பர் யாருடையது என்று மனப்பாடமாகச் சொன்னான்.

அவர்கள் சொன்ன கதை ஒன்றேதான். எஞ்சின் நின்ற படகை ஓடுகிற படகு கயிறு கட்டி இழுத்தது. அரிசி இருந்த படகு இல்லாத படகுக்குக் கொடுத்தது. கரையில் அவர்களை முதலில் பார்த்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். பாஷை தெரியாது. சோறு போட்டார்கள்.

கடலோரச் சமூகம் தன்னைத்தானே மீட்டுக்கொண்ட கதை இது. பெருமைப்படலாம். எனக்குக் கோபமும் வருகிறது. அந்தப் படகுகளில் செயற்கைக்கோள் வழியாக அபாயம் சொல்லும் கருவி எத்தனை பேரிடம் இருந்தது? இஸ்ரோ உருவாக்கிய அந்தச் சின்னப் பெட்டி அப்போதே நாட்டில் இருந்தது. பெட்டி இருந்து பிரயோஜனமில்லை, அது படகில் இருக்க வேண்டும்.

ஜூன் 17
இங்கே எனக்குப் பழக்கமான தாண்டேல், அதாவது மீன்பிடிப் படகின் தலைவர், ஒருவர் இருக்கிறார், வெர்சோவாப் பக்கம். மாட்டுங்கா நண்பரின் கேள்வியை அவரிடமே கேட்டேன்: எதற்காகப் போகிறீர்கள்? கேள்வியே அவருக்குப் புரியவில்லை. கூப்பிடுகிறார்கள், போகிறோம், நாளைக்கு என் பையன் கூப்பிடுவான், வேறு யாராவது போவார்கள் என்றார்.

சரி, என்ன கஷ்டம் என்று கேட்டேன். அதற்குப் பதில் தயாராக இருந்தது. ஒரு ராத்திரி தேடினால் டீசல் அவர் கைக்காசு. வலையை அறுத்துவிட்டுப் போனால் வலை போனது போனதுதான். பிணம் கிடைத்தால் அடுத்த நாள் காவல் நிலையத்தில் வாக்குமூலம். அப்புறம் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அந்த இரண்டு நாளும் தொழில் இல்லை. "கூலி வேண்டாம் சாப். டீசலைக் கொடுங்க. ஸ்டேஷனுக்கு அலைய விடாதீங்க." இதுதான் அவர் சொன்னது, மொத்தமாக.

இரண்டாவது விஷயத்தைப் பாருங்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது, சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. நல்ல சட்டம், ஆனால் அது பேசுவது சாலை விபத்தைப் பற்றி. கடலைப் பற்றிய சர்வதேசச் சட்டம் கப்பல் தலைவனுக்குக் கடமையைச் சொல்கிறது: அபாயக் குரல் கேட்டால் முழு வேகத்தில் போ. கடமையைச் செய்கிற படகுக்காரனுக்கு 134ஏ மாதிரி ஒரு பாதுகாப்பைக் கடலுக்கும் எழுதி வைத்தால் ஒரு பைசா செலவில்லை.

ஜூன் 18
காவல்படையை நான் குறை சொல்வதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். இல்லை ஐயா. 2021 மே மாதம் டவ்தே புயலில் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி305 என்ற பெரிய மிதவைக் கலம் முழுகியபோது 261 பேரில் 186 பேரைக் கடற்படை அந்தக் கடலில் தேடித் தூக்கியது. எந்த மீன்பிடிப் படகாலும் முடிகிற காரியமா அது? மும்பையில் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது. 1554 என்ற எண்ணை எல்லாரும் போனில் சேமித்து வையுங்கள், இப்போதே.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அழைப்பை வாங்குவதும் யார் போக வேண்டும் என்று கேட்பதும் அரசின் கடலோரக் காவல். போவது தொண்டர் படகு. இரண்டும் போட்டி இல்லை. பெரிய கப்பல் தூரத்திலிருந்து வர நேரமாகும். கரையிலிருந்து ஒரு மைலில் கவிழ்ந்த பிக்னிக் படகுக்கு அந்த நேரம் கிடையாது. 2020 மார்ச்சில் மாண்ட்வா அருகே முழுகிய படகில் 88 பேர். ராய்கட் போலீஸின் ரோந்துப் படகு பக்கத்தில் இருந்ததால் 88 பேரும் பிழைத்தார்கள். அன்று அது பக்கத்தில் இருந்தது. எல்லா நாளும் இருக்குமா?

ஜூன் 21
பணம். எல்லாரும் இங்கேதான் வந்து நிற்கிறீர்கள்.

ஆர்.என்.எல்.ஐ.யின் வருமானத்தில் பாதிக்கு மேல் உயில்களிலிருந்து வருகிறது. சாகிறவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். தெருவில் உண்டியல் குலுக்குவதும் இவர்கள் கதையோடு சேர்ந்ததுதான். 1886 டிசம்பரில் மெக்ஸிகோ என்ற கப்பலைக் காப்பாற்றப் போன இரண்டு படகுகளில் 27 தொண்டர்கள் செத்தார்கள். அந்தக் குடும்பங்களைப் பார்த்துத்தான் 1891இல் மான்செஸ்டர் நகரத்தில், கடலே இல்லாத ஊரில், தெருவில் இறங்கி வசூல் செய்தார்கள். ஐஸ்லாந்தில் மீட்புக் குழுக்கள் புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுக் காசு சேர்க்கின்றன. தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கி செம்பூரிலும் முலுண்டிலும் விற்கிற நம் சங்கங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா?

அரசு கொடுக்காது என்பதும் சரியில்லை. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் லாரியில் படகு ஏற்றிக்கொண்டு போய் 65,000 பேரை மீட்டதாக அரசே சொன்னது. படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய், எரிபொருள், உடைந்த படகுக்குப் பழுதுச் செலவு என்று முதலமைச்சர் அறிவித்தார். பணம் வேண்டாம் என்று சில மீனவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். சொன்னது அவர்கள் பெருந்தன்மை. கொடுக்க முன்வந்தது அரசின் முறை. இரண்டும் வேண்டும்.

ஜூன் 24
பாய்மரக் கிளப்புகள் இதற்கு உதவாதா என்று கேட்டவருக்கு: பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலும் பஹாமாஸிலும் தொண்டர் மீட்புச் சங்கங்கள் உண்டு. வாடகைப் பாய்மரப் படகு எடுத்துச் சுற்றுகிறவர்கள்தான் அங்கே பிழைப்பு, அதனால் மீட்பும் ஊர்க்காரர் பொறுப்பு. மும்பையிலும் கிளப்புகள் உண்டு, நல்ல மாலுமிகள் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் அவர்கள் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். அதே காலத்தில் மீன்பிடித் தடை, கோலிகளின் படகுகளும் கரையில். ஜூஹுவில் பையன்கள் அலையில் இழுத்துப்போகப்படுவதும் இதே காலத்தில். நம் கடலில் ஆபத்து அதிகமாகவும் படகு குறைவாகவும் இருக்கிற மாதங்கள் இவை. எந்த ஏற்பாடு செய்தாலும் ஜூன், ஜூலையை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

ஜூலை 2
"எல்லாம் ஆம்பளைக் கதையாகவே இருக்கிறதே" என்று ஒரு சகோதரி. நியாயம். இங்கிலாந்தின் டஞ்சனஸ் கரையில் பல தலைமுறையாகப் பெண்கள்தான் கூழாங்கல்லில் மரக்கட்டை போட்டுப் படகை இழுத்து இறக்கினார்கள்.

இங்கே இன்னும் பெரிய காரணம் இருக்கிறது. கோலிவாடாவில், அதாவது கோலி மீனவர் குடியிருப்பில், கடலுக்குப் போவது ஆண், மீனை விற்பதும் பணத்தைக் கையாள்வதும் பெண். டீசல் நிதி என்று ஒன்று வைத்தால் அது யார் கையில் இருக்க வேண்டும் என்று தாண்டேலிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, "என் வீட்டுக்காரி கையில்" என்றார். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து போடுகிற கமிட்டி அடுத்த மழைக்குள் கலைந்துவிடும் என்பது அவர் கருத்து. என் கருத்தும் அதுதான்.

ஜூலை 6
"செத்துப்போனால்?" முதல் கேள்வி கேட்ட மாட்டுங்கா நண்பர் திரும்பி வந்து கேட்டிருக்கிறார். நீங்கள் கேட்டதிலேயே இதுதான் சரியான கேள்வி.

1981 டிசம்பர் 19. கார்ன்வாலில் மவுஸ்ஹோல் என்ற சின்ன மீனவ ஊர். யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல் எஞ்சின் நின்று பாறையை நோக்கி இழுத்துப்போகப்பட்டது. ஊர்ப் படகில் எட்டுப் பேர் போனார்கள். கிளம்பும் முன் ஒரு பையனைப் படகுத் தலைவர் ஏற்ற மறுத்தார். அவன் அப்பா ஏற்கெனவே படகில் இருந்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப்போக மாட்டேன் என்றார். எட்டுத் தொண்டர்களும் செத்தார்கள், கப்பலில் இருந்த எட்டுப் பேரும் செத்தார்கள். ஒரு நாளுக்குள் புதுக் குழு அமைக்கப் போதுமான ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். அன்று கரையில் விடப்பட்ட அந்தப் பையன் பின்னாளில் அதே நிலையத்தின் படகுத் தலைவரானார்.

இதைப் படித்துவிட்டு வீரம் வீரம் என்று எழுதாதீர்கள். கவனியுங்கள்: ஒரே வீட்டிலிருந்து இருவரை அனுப்பாத தலைவர் இருந்தார். செத்தவர் குடும்பத்துக்கு ஓய்வூதியம் கொடுக்கிற அமைப்பு இருந்தது. அடுத்த நாள் பெயர் கொடுத்தவர்களுக்கு அதுவும் ஒரு பலமாக இருந்திருக்கும். நம் மீனவருக்கு விபத்துக் காப்பீடு 5 லட்சம் ரூபாய், மத்திய அரசுத் திட்டத்தில். பதிவு செய்தவர்களுக்கு மட்டும். தாண்டேலின் படகில் வேலை பார்க்கிறவர்களில் யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பட்டியலை முதலில் எடுப்போம்.

ஜூலை 7
சேர்க்க மறந்தது. தென்னாப்பிரிக்காவில் 1966இல் 17 மீனவர்கள் முழுகிச் செத்தபோது, முன்பு ஒரு முறை ஆர்.என்.எல்.ஐ.யால் காப்பாற்றப்பட்ட ஒரு பெண்மணி பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே அங்கே மீட்புச் சங்கம் வந்தது. முதல் படகு ஒரு சின்ன ரப்பர் படகு. பெரிய தொகை கிடைத்தால்தான் தொடங்குவேன் என்று யாரும் காத்திருக்கவில்லை.

ஜூலை 13
மாட்டுங்கா நண்பர்: "சரி, நடக்கட்டும். முதலில் எந்தப் படகு வாங்கலாம்? நானும் பணம் போடுகிறேன்."

படகு வேண்டாம். படகு கோலிவாடாவில் இருக்கிறது, உங்களையும் என்னையும் விட அதை ஓட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பெரிய ஏற்ற வற்றத்தில் மும்பைத் துறைமுகத் தண்ணீர் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். அந்த இழுப்பை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வாங்க வேண்டியது தண்ணீர் புகாத கை வயர்லெஸ், உரிமத்தோடு. மீட்கப் போகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட். போன மாதம் நான் ஏறிய ஒரு பயணிகள் படகில் ஜாக்கெட்டுகளைக் கூரையில் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள், கத்தி இல்லாமல் எடுக்க முடியாது. அப்படி இல்லாமல், ஆள் உடம்பில் இருக்கிற ஜாக்கெட். எறிகயிறு. மடக்கு ஸ்ட்ரெச்சர். ஒரு டிரம் டீசல், சாவி தாண்டேலின் வீட்டம்மாவிடம். யார் எந்த ராத்திரி என்று சுவரில் ஒட்டிய ஒரு தாள்.

கோலிகளின் நாரளி பௌர்ணமித் திருவிழாவில் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகு எல்லாரும் தொழிலுக்குப் போய்விடுவார்கள், பேச நேரம் இருக்காது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்சோவாவில் உட்காரலாம் என்று தாண்டேல் சொல்கிறார். 16ஆம் சேனலில் எப்படிக் கூப்பிடுவது, இருக்கிற இடத்தை எப்படிச் சொல்வது என்று நான் சொல்லித் தருகிறேன். தமிழிலும் இந்தியிலும் என்னால் முடியும். மராத்தியில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பெண்களும் உட்காருகிற நேரமாகப் பார்த்து, மீன் மார்க்கெட் முடிந்த பிறகு வைத்துக்கொள்வோம். வருகிறவர்கள் கீழே எழுதுங்கள்.